பச்சை பீரோவும் பனிக்கோளும்

என் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி., பி.எட்., பிஎச்.டி. ஆகிய ஆறு ஒரிஜினல் சான்றிதழ்களும் ஏழு வருடமாக மயிலம்மாள் பொறியியல் கல்லூரியின் பச்சை பீரோவில் குடியிருக்கின்றன. நான் திருச்செங்கோட்டில் குடியிருக்கிறேன். தினமும் காலையில் அவை இருக்கும் இடத்துக்குப் போகிறேன், சாயங்காலம் அவற்றைப் பார்க்காமலே திரும்பி வருகிறேன். இதற்கு இயற்பியல் உதவிப் பேராசிரியர் வேலை என்று பெயர்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு, "பத்திரமா இருக்கட்டுமுங்க, ஊட்டுல வெச்சா கரையான் அரிச்சுப்போடும்" என்று சொல்லித்தான் வாங்கி வைத்தார்கள். எனக்கு மனசு இளகியது உண்மை. என் வீட்டுக் கரையானைப் பற்றி அதுவரை என் மாமனார்கூடக் கவலைப்பட்டதில்லை. மாட்டைக் கட்ட முளைக்குச்சி, வாத்தியாரைக் கட்ட பீரோ என்கிற விவரமெல்லாம் போகப் போகத்தான் புரிந்தது. அதற்குள் கயிறு ஏறிவிட்டது.

இந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில், மூன்றாவது முறையாக எழுதிய அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வில் என் பெயர் வந்தது. செப்டம்பர் பதினெட்டு, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்குச் சேலத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாமல் வருபவர்களின் பெயர் நீக்கப்படும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

என் மனைவி கோகிலவாணி அன்றைக்கே கடைக்குப் போய் ஆறு உறை வைத்த பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று வாங்கி வந்தாள். "ஏனுங்க, இந்தத் தடவை உட்டுப்போட்டா வயசு தாண்டிப்போகுமுங்க. எப்பாடு பட்டாவது வாங்கிட்டு வந்துருங்க" என்றாள். காலி ஃபைலை சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

நான் கல்லூரி முதல்வர் முனைவர் சந்தோஷ்குமாரிடம் போனேன். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"மிஸ்டர் அர்த்தநாரி, விடுவிப்பு என்பது ஒரு நிகழ்வு இல்லை. அது ஒரு செயல்முறை."

"எவ்வளவு நாள் ஆகும் சார்?"

"இதுவரை யாருக்கும் முடிந்ததில்லை. அதனால் அளவு சொல்ல முடியாது. தாளாளரைப் பாருங்கள்."

தாளாளர் அருணகிரி ஆழ்துளைக் கிணறு தோண்டும் ஒன்பது ரிக் வண்டிகளும் நான்கு கோழிப் பண்ணைகளும் வைத்திருப்பவர். ஜேடர்பாளையம் போகிற ரோட்டில் ஒரு பூமியில் ஏழு இடத்தில் போர் போட்டும் தண்ணீர் வராமல் போகவே, அங்கே கல்லூரி கட்டினார். தாயார் மயிலம்மாள் பெயரை வைத்தார். பச்சை பீரோவின் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றிலேயே தொங்கும். அவர் குளிக்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார்.

"ஒக்காருங்க சாமி" என்றார். என் கடிதத்தைப் பார்க்கவே இல்லை. "பக்கத்துக் காலேஜ்காரன் என்னமோ ஆகாசத்துல ஒரு கல்லைக் கண்டுபுடிச்சுட்டானாமா. பேப்பர்ல போட்டிருக்குது."

"சிறுகோளுங்க. படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கறதுங்க."

"அதேதான். அதுக்காட்டி அவனுக்கு ஏ பிளஸ் பிளஸ் குடுத்துட்டாங்க. நம்ம காலேஜுக்குப் பதினாறாந்தேதி மதிப்பீட்டுக் குழு வருது. அந்தக் கல்லுக்கு அக்கட்டால என்ன இருக்குது?"

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடுவது எனக்கு ஒரு வியாதி. "நெப்டியூனையும் தாண்டினா பனிக்கட்டி உருண்டைங்க லட்சக்கணக்குல சுத்துதுங்க. இதுவரைக்கும் கண்டுபிடிச்சது கொஞ்சம்தானுங்க" என்றேன்.

"பனிக்கட்டின்னா தண்ணிதானுங்களே?"

"பெரும்பாலும் தண்ணிதானுங்க. ஒறைஞ்ச தண்ணி."

"அப்ப நம்ம தொழில்தான்" என்று தொடையில் தட்டினார். "ஒண்ணே ஒண்ணு புடிச்சுக் குடுங்க சாமி. பதினேழாந்தேதி உங்க ஆறு காயிதத்தையும் என்ற கையால நானே எடுத்துக் குடுக்கறேன்."

மறுநாளே 'தொலைதூரப் பனிக்கோள் தேடல் மையம்' உதயமானது. பொறுப்பாளர், விஞ்ஞானி, கணினி இயக்குபவர், அறையைக் கூட்டுபவர் எல்லாம் நானே. அறை பற்றாக்குறையால் பீரோ இருக்கும் அறையையே மையத்துக்குக் கொடுத்தார்கள். என் நாற்காலிக்கும் பீரோவுக்கும் நடுவே அரை அடி. பின்னால் சாய்ந்தால் என் தலை பி.எட்.டின் உயரத்தில் இடிக்கும். ஜன்னலுக்குக் கம்பி, கூரையில் கேமரா, வெளிக் கேட் ஒன்பது மணிக்குப் பூட்டினால் ஐந்து மணிக்குத்தான் திறக்கும்.

தேடுகிற வேலை கேட்பதற்கு எளிது. எங்கேயோ ஒரு மலை உச்சியில் இருக்கும் பெரிய தொலைநோக்கி வானத்தைப் படம் பிடிக்கிறது. ஒரே இடத்தை ஒரு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு படம். பதிவு செய்துகொண்ட கல்லூரிகளுக்கு அவற்றை இணையத்தில் இலவசமாக அனுப்புகிறார்கள். நான்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் நட்சத்திரங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஏதாவது ஒரு புள்ளி மட்டும் துளி நகர்ந்திருந்தால் அது நம் சூரியனைச் சுற்றுகிற பொருள். ரொம்பத் தூரத்தில் இருப்பது ரொம்பக் கொஞ்சமாக நகரும். அப்படி நான்கு நான்கு படமாக எனக்கு வந்தவை இருநூற்றுப் பன்னிரண்டு கட்டு. பொறுமையும் இருட்டறையும் இருந்தால் போதும். பொறுமை என்னிடம் இருந்தது.

தேடலுக்கு முன்பே பெயர் சூட்டும் கமிட்டி கூடியது. கண்டுபிடிக்கப்படவிருக்கும் பொருளுக்கு 'மயிலம்மாள்' என்று ஒருமனதாகப் பெயர் வைத்தார்கள். கல்வெட்டு வெட்டி, தேதிக்கு மட்டும் இடம் விட்டு நுழைவாயிலில் பதித்தார்கள். தாளாளர் ஒரு கையில் முட்டையும் மறு கையில் புளூட்டோவும் ஏந்தி நிற்கிற ஃபிளெக்ஸ் கேட்டுக்கு வெளியே ஏறியது. நானும் அதில் இருந்தேன். கீழே, வலது மூலையில், ஃபிளெக்ஸ் அடித்த கடையின் போன் நம்பருக்குப் பக்கத்தில்.

முதல்வர் தன் பங்குக்கு ஒரு பதிவேடு திறந்தார். 'மணிவாரியாகக் கண்டுபிடித்தவை' என்று அதற்குப் பெயர். ஒன்பது முதல் பத்து வரை: இல்லை. பத்து முதல் பதினொன்று வரை: இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் எதிரே காரணம் எழுத வேண்டும். முதல் நாள் 'வானம் பெரியது' என்று எழுதினேன். விளக்கம் போதாது என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது.

நான்காம் நாள் தாளாளர் நேரில் வந்து பதிவேட்டைப் புரட்டினார்.

"என்ற பண்ணையில நூறு கோழிக்குத் தொண்ணூறு முட்டைங்க. நீங்க நூறு கட்டுப் பார்த்து ஒண்ணுகூட வரலைன்னா கோளாறு தீவனத்துலயா, வெளிச்சத்துலயா?"

மறுநாள் முதல் டீயோடு இரண்டு அவித்த முட்டை வந்தது. ஷெட்டில் வெளிச்சம் குறைந்தால் கோழி முட்டையிடாது என்பதால் என் அறையில் எட்டு டியூப்லைட் புதிதாகப் போட்டார்கள். திரையில் மங்கலான புள்ளிகளெல்லாம் அந்த வெளிச்சத்தில் காணாமல் போயின. அணைக்கலாமா என்று கேட்டதற்கு, சுவிட்ச் தாளாளர் அறையில் இருக்கிறது என்றார்கள். துண்டைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு, திரையோடு முகத்தை ஒட்டி வைத்துத் தேடினேன். கேமராவில் பார்த்த முதல்வர், பணி நேரத்தில் உறங்கியதற்கு விளக்கம் கேட்டு மெமோ அனுப்பினார்.

வீட்டில் கோகிலவாணி தினமும் காலி ஃபைலைத் துடைத்து மறுபடியும் அதே இடத்தில் வைப்பாள்.

பன்னிரண்டாம் தேதி வரைக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றைக்குத் தாளாளர் பொறுமை இழந்தார்.

"பாயிண்ட் பார்க்காம எவனாவது போர் போடுவானா? தப்பு நம்ம மேலதான். மணியனைக் கூப்புடுங்க."

மணியன் என்பவர் எங்கள் பக்கத்தில் பெயர் பெற்ற நீரோட்டம் பார்ப்பவர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார். அடியில் தண்ணீர் ஓடுகிற இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். அந்த இடத்தில் ரிக் வண்டியை நிறுத்துவார்கள். அவர் என் கணினித் திரையைப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் எப்படி நடப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே நான் இன்னும் முழுசாகப் பார்த்து முடிக்காத ஒன்பது கட்டுகளை, கட்டுக்கு ஒரு படமாக, ஃபிளெக்ஸில் அடித்து, வாலிபால் மைதானத்தில் வரிசையாக விரித்தார்கள். ஒவ்வொன்றும் இருபதுக்கு இருபது அடி. கறுப்பு வானத்தில் ஆயிரக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள், உச்சி வெயிலில்.

மணியன் செருப்பைக் கழற்றினார். கற்பூரம் காட்டினார். தேங்காயோடு பிரபஞ்சத்தின் மேல் ஏறி நடந்தார். நூற்று நாற்பது ஆசிரியர்கள் சுற்றி நின்று பார்த்தோம். வருகைப்பதிவு கட்டாயம். ஏழாவது ஃபிளெக்ஸின் வடகிழக்கு மூலையில், ஒரு பெரிய நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், தேங்காய் எழுந்து நின்றது.

"இங்க இருக்குதுங்க சாமி" என்றார் மணியன். "ஆனா ஆழமுங்க. நான் இதுவரைக்கும் இத்தன ஆழம் பார்த்ததில்லீங்க."

தாளாளர் என்னைப் பார்த்தார். "எத்தன அடி இருக்கும்?"

"அறுநூறு, எழுநூறு கோடி கிலோமீட்டருங்க."

"உப்புத் தண்ணியா?" என்று மணியனைக் கேட்டார்.

"நல்ல தண்ணிங்க."

கூட்டம் கை தட்டியது. நான் வெட்கத்தோடு அறைக்குத் திரும்பினேன். படித்த படிப்பெல்லாம் பின்னால் பீரோவுக்குள் இருந்தது, அவமானப்பட நான் மட்டும் வெளியே இருந்தேன். ஆனாலும் அந்த ஏழாவது கட்டைத் திறந்தேன். அந்த மூலையை நான் விட்டு வைத்திருந்தது உண்மைதான். பெரிய நட்சத்திரத்தின் ஒளியில் கண் கூசியதால் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டிருந்தேன். துண்டைப் போர்த்திக்கொண்டு நான்கு படத்தையும் மாற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

ஒரு புள்ளி நகர்ந்தது.

மறுபடியும் மாற்றினேன். மறுபடியும் நகர்ந்தது. மங்கலாக, ஊசிமுனை அளவுக்கு, அவசரமே இல்லாமல். மனிதர் யாரும் அதுவரை பார்த்திராத ஒன்றை முட்டை மணக்கும் துண்டுக்குள் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அரை நிமிடம் பீரோ ஞாபகமே இல்லை. தேங்காய் எப்படி எழுந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, மணியனுக்கும் தெரியாது.

படம் அனுப்பியவர்களுக்கே விவரத்தை அனுப்பினேன். மூன்று நாளில் பதில் வந்தது. 'முதற்கட்டக் கண்டறிதலாக ஏற்கிறோம். தொடர்ந்து கண்காணிப்பது அவசியம்.' அன்றைக்கே கோகிலவாணிக்குப் போன் செய்து, "கெடைச்சுப்போச்சு" என்றேன். அவள் சர்டிபிகேட் என்று நினைத்துவிட்டாள். அவளுக்குப் புரியவைப்பதற்குள், "ரெண்டும் ஒண்ணுதானுங்களே" என்று சிரித்தாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதல்வர் கையோடு ஒரு படிவம் கொடுத்தார். நாற்பத்திரண்டு கட்டங்கள், எதையும் காலியாக விடக்கூடாது. பொருளின் நிறம், எடை, சமூகப் பயன், பெண் கல்விக்கு ஆற்றும் பங்கு. முப்பத்தொன்பதாவது கட்டம்: சூரியனைச் சுற்ற ஆகும் காலம். நான்கு படத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது என்றேன். "தோராயமாகப் போடுங்கள், அழகாக இருக்கும்" என்றார். தூரத்தை உத்தேசமாக வைத்துக் கணக்குப் போட்டு 291 வருடம் என்று எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன். பேனா அவருடையது.

பதினாறாம் தேதி குழு வந்தது. மூன்று பேர். தலைவர் முனைவர் இனியன், வேறொரு தனியார் கல்லூரிப் பேராசிரியர், நரைத்த தலை, மெதுவான பேச்சு. மாலையும் சால்வையும் முடிந்ததும் தாளாளர் மைக்கைப் பிடித்தார்.

"நான் அஞ்சாவதுதானுங்க படிச்சவன். அதனாலயே படிச்சவங்க மேல எனக்கு அவ்வளவு மரியாதை. ஒருத்தரைக்கூட வெளிய உடறதில்லை. என்ற பண்ணையில கோழி செத்துப்போகும், எண்ணிக்கை கொறையும். ஆனா இந்தக் காலேஜுக்குள்ள நூத்தி நாப்பது வாத்தியாருங்க வந்தாங்க, நூத்தி நாப்பது பேரும் இன்னும் உள்ளதான் இருக்கறாங்க. அவங்க சர்டிபிகேட்டை நாங்க உசுராட்டக் காப்பாத்தறோம். அவங்களே வந்து கேட்டாலும் குடுக்கமாட்டோம். அத்தன பத்திரமுங்க!"

நூற்று நாற்பது பேரும் கை தட்டினோம். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

மையத்தைப் பார்க்க இனியன் தனியாக வந்தார். தாளாளர் போனில் யாரையோ திட்டிக்கொண்டு வராந்தாவில் நின்றுவிட்டார். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நிமிடம். புள்ளியைக் காட்டவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், என் ஒரிஜினல் ஆறும் இந்த பீரோவுல இருக்குது. நாளை மறுநாள் சேலத்துல சரிபார்ப்பு. நீங்க ஒரு வார்த்தை எழுதினீங்கன்னா குடுத்துருவாங்க சார்."

இனியன் பீரோவைப் பார்த்தார். அதன் கைப்பிடியை மெல்லத் தொட்டார், கோவிலில் தொடுவது மாதிரி.

"எங்க காலேஜ்ல சாம்பல் கலர்" என்றார். "பதினோரு வருஷம் ஆச்சு."

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் கையை விடுவித்துக்கொண்டு பேனாவை எடுத்தார். அறிக்கையில் 'ஆசிரியர்களைத் தக்கவைத்தல்: நூற்றுக்கு நூறு. பிற நிறுவனங்கள் பின்பற்றத்தக்கது' என்று எழுதினார். எழுதும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கல்லூரிக்கு ஏ பிளஸ் பிளஸ் உறுதி என்று அன்றைக்கே பட்டாசு வெடித்தார்கள்.

பதினேழாம் தேதி காலையில் காலி ஃபைலோடு முதல்வர் அறைக்குப் போனேன். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"வாழ்த்துகள். உங்கள் விடுவிப்பு ஆணை தயார். இந்தக் கல்லூரி வரலாற்றிலேயே முதல் ஆணை."

வாங்கிப் பிரித்தேன். கல்லூரி முத்திரை, தாளாளர் கையெழுத்து, எல்லாம் இருந்தது. 'பணி முழுமையடைந்ததும் விடுவிக்கலாம்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே தேதி: 17.9.2316.

"சார், வருஷம் தப்பா விழுந்திருக்குது."

"இல்லை. தொடர்ந்து கண்காணிப்பது அவசியம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். எதுவரை என்று எழுதவில்லை. எனவே ஒரு சுற்று முடியும்வரை என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. நீங்கள்தானே 291 என்று போட்டீர்கள்?"

"அது தோராயமுங்க சார். அதோட பாதை தெரியறதுக்கு மூணு நாலு வருஷம் பார்த்தாப் போதும். அதையும் தொலைநோக்கி வெச்சிருக்கறவங்கதான் பார்க்கப் போறாங்க. நான் எதுக்கு சார்?"

"அப்படியென்றால் மூன்று என்று எழுதியிருக்க வேண்டும்." முப்பத்தொன்பதாவது கட்டத்தைத் திருப்பிக் காட்டினார். "கையெழுத்து உங்களுடையதுதானே?"

என்னுடையதுதான். தெளிவாக, அழகாக இருந்தது.

தாளாளர் அறைக்கு ஓடினேன். அவர் லட்டு கொடுத்தார். நான் பேச ஆரம்பித்ததும் வருத்தமாகத் தலையாட்டினார். "நான் சொன்ன வாக்கை மீறமாட்டேன் சாமி. பதினேழாந்தேதின்னு சொன்னேன், பதினேழாந்தேதிதான் போட்டிருக்குது, பாருங்க. அம்மா பேரை ஆகாசத்துல வெச்சுப்போட்டு அனாதையா உட முடியுமுங்களா? கூட ஒருத்தர் இருக்கோணுமல்ல?" அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. அரைஞாண் கயிற்றில் சாவி லேசாக ஆடியது.

வெளியே வரும்போது முதல்வர் என்னைக் கூப்பிட்டார். காலண்டர் மாதிரி எதையோ கணினியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் அர்த்தநாரி, ஒரு சின்ன விஷயம். அந்த 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அலுவலகம் விடுமுறை. திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள்."

மையத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். கேட் பூட்டியிருந்தது. டியூப்லைட் எட்டும் எரிந்தன. பதிவேட்டில் 'பத்து முதல் பதினொன்று வரை' கட்டம் காலியாக இருந்தது. போன் அடித்தது, கோகிலவாணி.

"என்னாச்சுங்க? குடுத்துட்டாங்களா?"

"ஆணை குடுத்துட்டாங்க."

"காயிதம்?"

"திங்கக்கிழமை வரச் சொல்றாங்க" என்றேன்.

அந்தப் பக்கம் பெரிய மூச்சு ஒன்று கேட்டது.

"திங்கக்கிழமைதானுங்களா! நாலு நாள்தான் பிந்துது. நான் ஒரு தடவை பயந்தே போயிட்டனுங்க. நாளைக்கு ரெண்டு பேரும் சேலம் போயி அந்த ஆபீசர்கிட்டக் கையெடுத்துக் கும்புட்டுக் கேக்கலாம். நாலு நாளுக்குக்கூடவா எறக்கம் காட்டமாட்டாங்க? நீங்க கவலைப்படாம சாப்புடுங்க."

"சரி" என்றேன்.

எந்த வருடத்துத் திங்கட்கிழமை என்று அவள் கேட்கவில்லை. யார்தான் கேட்பார்கள்? பதிவேட்டை இழுத்து, காலியாக இருந்த கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.